நுளம்பின் பெயர் பூண்ட விமானம்



ஒரு நாடு தனக்கு வேண்டிய போர்க்கருவியைப் பிற நாட்டிடம் விலைகொடுத்து வாங்குகின்றது. வாங்கிய கணத்திலேயே அக்கருவி வாங்கிய நாட்டுக்கு முழுவதும் உரியதாகிவிடுகின்றதா? விற்பனைப் பத்திரத்தைக் கேட்டால் ஆம் என்னும். வரலாற்றைக் கேட்டால் விடை அத்துணை எளிதன்று. கருவியைக் கையாளும் பயிற்சி, பழுதுபார்க்கும் திறன், உதிரிப் பாகங்களைத் தானே செய்துகொள்ளும் ஆற்றல், குறையைக் கண்டு திருத்தும் அறிவு ஆகிய நான்கும் கைவரும் வரையில், வாங்கியவன் விற்றவனுடைய தயவை நோக்கியே நிற்கவேண்டியவனாகின்றான். இவ்வுண்மையை விளக்குதற்கு இன்று நான் எடுத்துக்கொண்ட சான்று, இந்திய விமானப் படையில் இருபது ஆண்டளவு பணிபுரிந்த ஒரு சிறிய பிரித்தானியப் போர்விமானமாகும்.

“நாட்” என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் எழுதுங்கால் அச்சொல்லின் முதலெழுத்து ஒலிப்பதில்லை. நுளம்பைப் போன்று மொய்த்துத் தொல்லை தரும் சிறு பூச்சிக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் அது. பெயருக்கேற்ப உருவமும் சிறிது. ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனிவரை ஏறக்குறைய 22 அடி. மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய 29 அடி. நம் பாடசாலைகளில் இருபதடி அகலமுள்ள வகுப்பறைகள் பல உள. அத்தகைய அறையொன்றன் அகலத்திலும் இரண்டடியே மிகையானது இவ்விமானத்தின் சிறகு. போருக்குப் புறப்படும் நிலையில் அதன் நிறை ஏறக்குறைய 9,000 இறாத்தல். அதற்குப் பின்னாளில் எதிரியாய் வாய்த்த அமெரிக்க சேபர் விமானமோ 15,000 இறாத்தல் நிறையும் 37 அடிச் சிறகும் உடையது.

இச்சிறு விமானத்தை வகுத்தவர் டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். லைசாண்டர், கன்பெரா முதலிய புகழ்பெற்ற விமானங்களை முன்னரே வகுத்தவர் அவர். 1950-ஆம் ஆண்டில் ஃபொலன்ட் என்னும் சிறு நிறுவனத்திற் சேர்ந்தார். போர்விமானங்கள் ஆண்டுதோறும் நிறையிலும் விலையிலும் பெருத்துக்கொண்டே போவதை அவர் கண்டார். ஒரு புதிய கருவியைப் பொருத்தினால் நிறை கூடுகின்றது. நிறை கூடினால் பெரிய இயந்திரம் வேண்டும். பெரிய இயந்திரத்துக்கு மிகுந்த எரிபொருள் வேண்டும். எரிபொருளைச் சுமக்க உடல் மேலும் பெருக்கவேண்டும். இச்சுழலை முறிக்கவேண்டுமாயின், இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை நீக்குவதே வழி என்பது அவருடைய துணிபு.

அரசாங்கத்தின் கட்டளையை எதிர்பாராது, நிறுவனம் தன் சொந்தச் செலவிலேயே இம்முயற்சியை மேற்கொண்டது. “மிட்ஜ்” என்னும் முன்மாதிரி 1954-ஆம் ஆண்டு ஒகஸ்ட் 11-ஆம் திகதியும், நாட் விமானம் 1955-ஆம் ஆண்டு யூலை 18-ஆம் திகதியும் முதன்முறை பறந்தன. சிக்கனம் அதன் ஒவ்வோர் உறுப்பிலும் விளங்கியது. ஏனைய விமானங்களில் வேகத்தைக் குறைப்பதற்கெனத் தனித் தகடுகள் இருக்கும். நாட் விமானத்திலோ இறங்கு சில்லுகளைச் சிறிது வெளியே நீட்டினால், அவற்றின் மூடிகளே காற்றைத் தடுத்து வேகத்தைத் தணிக்கும். ஓர் உறுப்புக்கு இரு தொழில் என்பது பெட்டரின் விதி. இயந்திரம், பிரிஸ்டல் நிறுவனத்தின் ஓர்பியஸ். படைக்கலம், 30 மில்லிமீற்றர் பீரங்கி இரண்டு.

இத்தகைய விமானத்தை அதன் பிறந்தநாடு வரவேற்றதா எனின், இல்லை. பிரித்தானிய வேந்தர் விமானப் படை அதனைப் போர்விமானமாக ஏற்கவில்லை. 1958-ஆம் ஆண்டில் ஏடனிலே ஒரு தேர்வு நடத்தப்பட்டபோதும், தொலைவு பறக்கவும் கூடிய சுமை தாங்கவும் வல்ல ஹண்டர் விமானமே தெரிந்தெடுக்கப்பட்டது. உலகின் பல கடல்களுக்கு அப்பால் படைத்தளம் வைத்திருந்த நாட்டுக்குக் குறுந்தொலைவு பறக்கும் விமானம் போதாதாயிற்று. ஆயினும் இருவர் அமரும் பயிற்சி விமானமாக அதன் வேறொரு வடிவத்தை அந்நாடு பெரிதும் விரும்பியது. வான்சாகசத்தாற் புகழ்பெற்ற “செவ்வம்புகள்” குழுவினர் 1965 முதல் 1979 வரை பறந்தது அவ்வடிவத்திலேயே ஆகும்.

ஆகவே போர்விமானமாகிய நாட், ஏற்றுமதிப் பொருளாகவே வாழவேண்டியதாயிற்று. யூகோசிலாவியா சோதித்துப் பார்ப்பதற்கு இரண்டு வாங்கியது. பின்லாந்து 13 வாங்கியது. 1958-ஆம் ஆண்டு யூலை 31-ஆம் திகதி லவுரி பெக்குரி என்னும் பின்லாந்து விமானி இவ்விமானத்திலேயே ஒலியின் வேகத்தை விஞ்சினார். அவருடைய நாட்டவருள் அதனை முதலிற் செய்தவர் அவரே. ஒரு மாதம் கழியுமுன், ஆங்கே வேறொரு நாட் விமானம் திரவ அழுத்தத் தொகுதியின் பழுதினால் அழிந்தது. அதனால் அந்நாட்டின் நாட் விமானங்கள் யாவும் அரையாண்டளவு தரையிலே நிறுத்தப்பட்டன. வாங்கிய நாடு, செய்த நாட்டின் திருத்தத்துக்காகக் காத்திருக்கும் நிலை எத்தகையது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி இந்தியாவின் செயலைப் பார்ப்போம். 1956-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அந்நாடு செய்துகொண்ட உடன்படிக்கை, விமானத்தை வாங்குவதற்கு மட்டுமன்றி அதனைத் தன் மண்ணிலே செய்வதற்கும் உரிமம் பெறுவதாய் அமைந்தது. அவ்வாறு துணிதற்கு ஓர் அடிப்படை இருந்தது. பெங்களூரில் 1940-ஆம் ஆண்டு, வால்சந்த் ஹிராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியாலும் மைசூர் அரசின் ஆதரவாலும் ஒரு விமானத் தொழிற்சாலை தோன்றியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது நேசநாட்டு விமானங்களைப் பழுதுபார்த்தது. போர் முடிந்தபின், கான்பூரிலே சிதைந்த நிலையிற் கைவிடப்பட்டிருந்த லிபரேற்றர் குண்டுவீச்சு விமானங்களை அத்தொழிலாளர் செப்பஞ்செய்து பறக்கவைத்தனர். 1951-இல், வி. எம். காட்கே என்னும் அறிஞரின் தலைமையில் வகுக்கப்பட்ட எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் அங்கிருந்து எழுந்தது. பழையதைப் பழுதுபார்த்த கையே புதியதைச் செய்யக் கற்றது என்க.

நாட் விமானம் அக்கைகளுக்கு ஏற்ற பாடமாயிற்று. அது சிறியது, அதன் பாகங்கள் ஒப்பளவிற் குறைவு, பேரியந்திரங்கள் பல இல்லாத தொழிற்சாலையும் அதனைச் செய்து முடிக்கலாம். முதலில் முழு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அடுத்து, பகுதி பகுதியாக வந்தவை பெங்களூரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1960-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்திய விமானப் படையின் 23-ஆம் அணி, வம்பயர் விமானங்களை விடுத்து நாட் விமானங்களை ஏற்றது. 1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்தியாவிலே செய்த பாகங்களைக் கொண்ட முதல் நாட் பறந்தது. ஓர்பியஸ் இயந்திரமும் உரிமம் பெற்றுப் பெங்களூரிலேயே செய்யப்பட்டது. கடைசி விமானம் 1974-ஆம் ஆண்டு சனவரியிற் கையளிக்கப்பட்டபோது, அங்கே செய்யப்பட்டவற்றின் தொகை ஏறக்குறைய 175 ஆகியிருந்தது. உடன்படிக்கையிலிருந்து சொந்தப் பாகங்களாற் செய்த முதல் விமானம்வரை ஏறக்குறைய ஆறாண்டு சென்றதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பிள்ளையொன்று அரிவரியிற் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை முடிக்கும் காலம் அது. கல்விக்குக் குறுக்குவழி இல்லை.

கற்ற பாடத்துக்குத் தேர்வு 1965-ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்தது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே காசுமீர எல்லையிலுள்ள சம்ப் பகுதியிற் கடும்போர் மூண்டது. முதலாந் திகதி மாலையில் அனுப்பப்பட்ட பழைய வம்பயர் விமானங்கள், பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு ஈடுகொடுக்க இயலாது இழப்புற்றன. அவற்றைப் போர்முகத்திலிருந்து விலக்கிவிட்டு, பதான்கோட்டிலிருந்து நாட் விமானங்களை அனுப்பினர். மூன்றாந் திகதி காலையிற் கையாண்ட உபாயம் கவனிக்கத்தக்கது. மிஸ்டேர் விமானங்கள் சில உயரத்திற் பறந்து ராடார் கருவிக்குத் தம்மைக் காட்டிக்கொண்டன. அவற்றை நாடிச் சேபர்கள் வந்தன. அதுகாறும் தரையை ஒட்டிக் கட்புலனாகாது வந்த நாட் விமானங்கள், அப்போது மேலெழுந்து அவற்றை எதிர்த்தன.

சிறுமை இங்கே வலிமையாயிற்று. வான்போரில் முதலிற் காண்பவனே பெரும்பாலும் முதலிற் சுடுகின்றான். இத்துணைச் சிறிய விமானத்தைத் தொலைவிலிருந்து காண்பது அரிது. கண்டபின்னும் விரைவாக மேலேறியும் திரும்பியும் விடும் அதனைக் குறிவைப்பது அதனினும் அரிது. அன்று ஸ்குவாட்ரன் லீடர் திரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக இந்தியா அறிவித்து, அவருக்கு வீர் சக்ர விருதை வழங்கியது. அதே மாதம் 19-ஆம் திகதி அவருடைய உடன்பிறந்தாராகிய டென்சில் கீலரும் நாட் விமானத்திலிருந்து போரிட்டு அதே விருதைப் பெற்றார். “சேபர் கொல்லி” என்ற பட்டம் நாட் விமானத்துக்கு நிலைத்தது.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இவ்விடத்திற் சற்று நிற்க விரும்புகின்றேன். மாணாக்கர் போரைப் பற்றிப் படிக்கும்போது, “எத்தனை வீழ்த்தினர்?” என்றே முதலில் வினவுவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் நாட் விமானங்கள் ஏழு சேபர்களை வீழ்த்தியதாகவும், இரண்டு நாட் விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டதாகவும் இந்தியக் கணக்குக் கூறும். பாகிஸ்தானின் கணக்கு வேறு. செப்டெம்பர் 3-ஆம் திகதி வீழ்ந்ததாகச் சொல்லப்பட்ட சேபரோ, கடுஞ்சேதமுற்ற நிலையிலும் தன் தளத்தை அடைந்ததென்பது பின்னர் வெளிவந்த செய்தி. பொய்யுரைக்கும் எண்ணம் இல்லாதவனும் தவறாகக் காணலாம். மணிக்கு அறுநூறு மைல் வேகத்திற் செல்பவன், புகைகக்கித் தாழ்ந்து செல்லும் விமானம் இறுதியில் வீழ்ந்ததா மீண்டதா என்று நின்று பார்க்க இயலாது. அதே நாளில், ஸ்குவாட்ரன் லீடர் சிக்கந்த் ஓட்டிய நாட் விமானம் பாகிஸ்தானிலுள்ள பஸ்ரூர் ஓடுபாதையில் இறங்கியது, அவர் சிறைப்பட்டார். எதிரியின் விமானமே அவரை இறங்கச் செய்தது என்பது பாகிஸ்தானின் கூற்று. இந்தியத் தரப்பு அதனை ஒப்புவதில்லை. அவ்விமானம் கராச்சியிலுள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஓர் எல்லையின் இப்புறத்தில் வெற்றிச் சின்னமாக விளங்கும் விமானம், அப்புறத்திற் சிறைப்பொருளாக விளங்குகின்றது. இரு பக்கத்து ஏட்டையும் புரட்டாதவன் போரின் வரலாற்றைப் படித்தவனாகான்.

அப்போர் புகட்டிய வேறொரு பாடமும் உண்டு. போர் மூண்டதும் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் படைக்கல உதவியை நிறுத்தியது. பாகிஸ்தானின் விமானப் படை பெரும்பாலும் அமெரிக்க உதவியாற் கட்டப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட சேபர்களை அது அவ்வழியிலேயே பெற்றிருந்தது. அவ்விமானிகளின் திறமையை எவரும் ஐயுறார். ஆயினும் உதவிக் கதவு அடைபட்டதும், அந்நாடு சீனாவை நாடவும், மேற்கு ஜெர்மனி பயன்படுத்திய சேபர்களை ஈரான் வழியாகப் பெறவும் நேர்ந்தது. பிரித்தானியாவும் இந்தியாவுக்குப் படைக்கலம் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் நாட் விமானம் பெங்களூரிலே செய்யப்பட்டுவந்தது. பிறர் கதவை அடைத்த காலத்தில், தன் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தமையின் பயனை அந்நாடு உணர்ந்தது.

ஆறாண்டின் பின் மீண்டும் போர் வந்தது. 1971-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் திகதி, கிழக்குப் பாகிஸ்தானின் எல்லையிலுள்ள பொய்ராவில் நிலப்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அங்கே தாக்க வந்த சேபர்களை எதிர்த்து, கல்கத்தாவின் டம் டம் நிலையத்திலிருந்து நான்கு நாட் விமானங்கள் எழுந்தன. சில நிமிடங்களுள் இரண்டு சேபர்கள் வீழ்ந்தன. மூன்றாவது சேதமுற்றுத் திரும்பியது. குடைவழி இறங்கிச் சிறைப்பட்ட விமானிகளுள் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. அவர் பின்னர் நாடு திரும்பி, 1997-ஆம் ஆண்டிலே பாகிஸ்தான் விமானப் படையின் தலைவராகவும் உயர்ந்தார். வீழ்த்தப்பட்டவன் உயிர் தப்பினால், அவனுடைய வாழ்வு எத்துணைத் தூரம் செல்லக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். உயிர் தப்பாதார் இழந்ததன் அளவும் அப்போதுதான் விளங்கும்.

அத்தகைய இழப்பொன்று அதே ஆண்டு டிசெம்பர் 14-ஆம் திகதி நேர்ந்தது. அன்று ஆறு சேபர்கள் சிறீநகர் விமானத் தளத்தைத் தாக்கின. ஓடுபாதையிற் குண்டுகள் வீழ்ந்துகொண்டிருக்கையிலே, 18-ஆம் அணியைச் சேர்ந்த பிளையிங் ஒபிசர் நிர்மல் ஜித் சிங் சேக்கொன் தம் நாட் விமானத்தில் எழுந்தார். தொகையாற் பல மடங்கு மிக்க எதிரிகளோடு தனித்துப் பொருது உயிர் துறந்தார். அவருக்கு வழங்கப்பட்ட பரம் வீர் சக்ரமே இந்திய விமானப் படையினர் ஒருவர் பெற்ற அவ்வுயர்விருது. வேறெவரும் அப்படையில் அதனைப் பெற்றிலர். எதிரணியில் நின்று போரிட்ட விமானியொருவரும் பின்னாளில் அவருடைய திறமையைப் புகழ்ந்து எழுதினார். அவருடைய உடலோ மலைகளினிடையே இறுதிவரை கிடைத்திலது. விருதுகள் கதையை முடிக்கலாம். அவருடைய வீட்டில் அது முடிந்திராது.

இத்துணையும் கேட்ட நேயர்கள், நாட் குறையற்ற விமானம் என்று எண்ணிவிடலாகாது. அதன் திரவ அழுத்தத் தொகுதி அடிக்கடி தொல்லை தந்தது. மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவும் வாற்சிறகின் கட்டுப்பாடு நம்பத்தக்கதாய் இருக்கவில்லை. பீரங்கிகள் வேண்டிய கணத்திற் சிக்கிக்கொண்டதும் உண்டு. எரிபொருள் குறைவாதலின் நெடுநேரம் வானில் நிற்க இயலாது. சிறிய அறையில் எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கியமையால், ஒரு பாகத்தைச் செப்பஞ்செய்ய வேறு பலவற்றைக் கழற்றவேண்டியிருந்தது. எதிரி சுடாத நாள்களிலும் விபத்துகள் நேர்ந்தன. சிக்கனத்துக்கும் விலை உண்டு. அவ்விலையைச் சில வேளைகளில் விமானிகள் தம் உயிரால் இறுத்தனர்.

ஆயினும் இக்குறைகளின்பால் இந்தியா நடந்துகொண்ட முறையே என் கருத்துக்கு முதன்மையானது. செய்யக் கற்றவர்கள் திருத்தவும் துணிந்தனர். திரவ அழுத்தத் தொகுதியையும் கட்டுப்பாட்டையும் சீர்செய்தனர். எரிபொருளின் ஒரு பகுதியைச் சிறகினுள்ளேயே அடக்கினர். அதனால் சிறகின் கீழே படைக்கலம் தொங்கவிட இடம் கிடைத்தது. இவ்வாறு பிறந்த புதிய வடிவத்துக்கு “அஜீத்”, அதாவது வெல்லற்கரியது, என்று பெயரிட்டனர். அது 1975-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் திகதி முதன்முறை பறந்தது. 79 புதிய விமானங்கள் செய்யப்பட்டன. அவை 1991 வரை பணிபுரிந்தன. ஆங்கிலப் பூச்சியின் பெயர் நீங்கி, வடமொழிப் பெயர் பூண்டது வெறும் பெயர்மாற்றம் அன்று. வாங்கிய பொருள் வசமான பொருளாக மாறியதற்கு அஃது அடையாளம்.

அதற்காக எல்லாம் இனிது முடிந்தன என்றும் சொல்லுதற்கில்லை. அஜீத் வந்தபோது உலகம் வேகமிக்க வேறு விமானங்களை நோக்கிச் சென்றுவிட்டது. கற்ற பாடத்தைக் காலந்தாழ்த்தி ஒப்புவித்தாற்போல் ஆயிற்று. ஆயினும் பாடம் வீணாகவில்லை. உலோகத்தை வார்க்கவும், நுட்பமாக அளக்கவும், பொறுமையோடு சோதிக்கவும் கற்ற ஒரு தலைமுறைத் தொழிலாளரும் பொறியியலாளரும் பெங்களூரில் உருவாயினர். விமானம் துருப்பிடிக்கும், கைத்திறன் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும்.

நேயர்களே, போர்விமானத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதன் கீழே வாழும் மக்களை மறத்தலாகாது. வானில் அது கீறும் வெண்கோட்டின் அழகு, தரையிற் குழந்தையை அணைத்துக்கொண்டு ஒடுங்கும் தாய்க்குத் தெரியாது. ஆதலின் இவ்வுரையை நான் படைக்கலத்தின் புகழுரையாக நிகழ்த்தவில்லை. சிறு நாடுகளும் வறிய நாடுகளும் பிற நாட்டாரிடம் பலவற்றை வாங்கியே தீரவேண்டும். உழவு இயந்திரமாயினும், நீரிறைக்கும் இயந்திரமாயினும், மருத்துவமனைக் கருவியாயினும் நிலை ஒன்றே. விலையை மட்டும் கேட்டு வாங்குவோர் வாடிக்கைக்காரராகவே இருந்துவிடுகின்றனர். “இதனை நாங்கள் எப்போது பழுதுபார்க்கக் கற்போம்? எப்போது செய்யக் கற்போம்? யார் எங்களுக்குக் கற்பிப்பார்?” என்று கேட்டு வாங்குவோரே உரியவராகின்றனர்.

அக்கேள்விகளுக்கு விடை அமைச்சகங்களில் மட்டும் இல்லை. ஓர் ஆணியை அளந்து அடிக்கவும், ஒரு வரைபடத்தைப் பிழையின்றிப் படிக்கவும் பழக்கும் சிற்றூர்ப் பாடசாலையின் மரவேலைக் கூடத்திலும், ஆய்வுகூடத்திலும் அவ்விடை தொடங்குகின்றது. பிறந்தநாட்டார் வேண்டாமென ஒதுக்கிய சிறு விமானத்தை இன்னொரு நாட்டார் கற்றுத் தமதாக்கிக்கொண்ட வரலாற்றில், நான் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல விரும்புவது அந்தக் கற்றலையேயாம். அவர்கள் கற்றதை வயலுக்கும் வீட்டுக்கும் பயன்படுத்தும் அமைதிக்காலம் நிலைப்பதாக.